நாடி எழுபத்திரண்டு

ஜூன் 18, புதன்

ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். இன்று டாக்டரிடம் போய்விட்டேன்.

துறைத்தலைவி பொறுப்பு வந்ததிலிருந்து கூட்டத்தில் பேச எழுந்தாலே கை நடுங்குகிறது. வகுப்பில் நடுங்காது. பதினொரு வருடமாக விலங்கியல் நடத்துகிறேன், பிள்ளைகள் முன்னால் எனக்கு என்ன பயம்? முதல்வரும் மற்றத் துறைக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தால்தான் கையிலிருக்கும் தாள் சடசடக்கிறது. போன கூட்டத்தில் வேதியியல் மேடம் என் முகத்தைப் பார்க்காமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ப்ரோப்ரனலால் எழுதிக் கொடுத்தார். பேசுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒன்று போட்டால் போதுமாம். எழுதுவதற்கு முன் சுகர் உண்டா, மூச்சிளைப்பு உண்டா, தலைசுற்றல் உண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை என்றேன். உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது. அட்ரினலின் உடம்பில் எங்கெங்கே போய் உட்காரும், உட்கார்ந்து என்ன செய்யும் என்று வருடா வருடம் இரண்டாம் ஆண்டுக்குப் படம் போட்டுச் சொல்கிறவள் நான். இதயத்தை விரட்டுவதும் கையை நடுங்க வைப்பதும் அதே அட்ரினலின்தான். அது போய் உட்காரும் பீட்டா ஏற்பிகளில் இந்த மாத்திரை முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

வரும்போது மார்க்கெட்டில் சாளை மீன் நன்றாக இருந்தது. வாங்கினேன். அத்தைக்குப் பிடிக்கும்.

ஜூன் 27, வெள்ளி

கூட்டம் முடிந்தது. இருபது நிமிடம் பேசினேன். தாள் அசையவில்லை. பயம் இருந்ததா என்றால் மனதில் இருந்தது, உடம்பில் இல்லை. முதல்வர் கூப்பிட்டு நல்லா இருந்தது என்றார்.

வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். ஹெப்சி மட்டும் பிறகு தனியாக வந்து அந்த மாத்திரையின் பெயரைக் கேட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

ஹெப்சிக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்திருக்கிறது. கூட்டுறவு வங்கி உதவியாளர் வேலை. வரும் 14ஆம் தேதி, காலை பதினொரு மணி.

ஹெப்சிபா என் கணவர் ஆசீரின் தங்கை. இருபத்தெட்டு வயது. எம்.காம். எழுத்துத் தேர்வு எதுவானாலும் பாஸ் பண்ணிவிடுவாள். நேரில் கேட்டால் குரல் அடைத்துக்கொள்ளும். இரண்டு வேலை இப்படிப் போயிற்று. இரண்டு வருடத்துக்கு முன் நாசரேத்து ஊரிலிருந்து வந்த வரன் நின்றுபோனதிலிருந்து நாலு பேர் முன்னால் உட்காரவே அவளுக்கு ஆகாது.

இன்று சபை ஆராதனை முடிந்து வந்து, நானும் ஆசீரும் அதிகாரிகள் மாதிரி உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பார்த்தோம். மூன்றாவது கேள்வியில் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆசீரின் அம்மா, என் அத்தை, என்னைப் பார்த்தார்கள், நீதான் ஏதாவது செய்யணும் என்கிற மாதிரி.

ஜூலை 13, ஞாயிறு

நாளைக்கு நான் லீவு. ஹெப்சியோடு நானே போகிறேன். அவளுடைய இளநீலச் சேலையைத் தேய்த்து வைத்தேன். சான்றிதழ்களை வரிசைப்படுத்திக் கொடுத்தேன். மாத்திரை ஒன்றும் கொடுத்தேன், பத்து மணிக்குப் போட்டுக்கொள் என்று. சந்தோஷமாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஆசீருக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் நாளைக்கு முதல் ஷிப்ட். அதிகாலையிலேயே கிளம்பிவிடுவார்.

ஜூலை 14, திங்கள்

ஹெப்சி ஐ.சி.யூ.வில் இருக்கிறாள். தொண்டைக்குள் குழாய் போட்டிருக்கிறார்கள். வேறு எழுத முடியவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

இன்னும் குழாய் எடுக்கவில்லை. ஐ.சி.யூ.வுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதினால் மனது ஒரு நிலைக்கு வரும் என்று பார்க்கிறேன்.

நேற்று பத்து மணிக்கு வங்கி அலுவலகத்தில் காத்திருக்கும் ஹாலில் மாத்திரையைப் போட்டாள். என் பாட்டிலிலிருந்துதான் தண்ணீர் குடித்தாள். அரைமணி நேரத்தில் கை நடுக்கம் நின்றுவிட்டது என்று கையை நீட்டிக் காட்டிச் சிரித்தாள். பத்தே முக்கால் இருக்கும், இருமத் தொடங்கினாள். பதற்றம் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். நெஞ்சில் கை வைத்துக் குனிந்தாள். பிறகு கைப்பையின் அடி ஜிப்பைத் திறந்து நீல நிற இன்ஹேலரை எடுத்தாள். அதை நான் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருக்கும்.

இரண்டு தடவை இழுத்தாள். மறுபடி இரண்டு. மறுபடி. ஒரு மாற்றமும் இல்லை. மருந்து தீர்ந்துவிட்டதா என்று அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். தீரவில்லை.

பக்கத்திலிருந்தவர்கள் ஆட்டோ பிடித்தார்கள். பதினொன்றேகாலுக்கு ஆஸ்பத்திரி. நஸ்ரின் என்ற டாக்டர். வயது முப்பதுகூட இருக்காது, பதறாமல் வேலை பார்த்தார். புகை மாதிரி மருந்து வரும் மாஸ்க்கை மாட்டினார்கள். என்ன மாத்திரை சாப்பிட்டாள் என்று கேட்டார்கள். சொன்னேன். உடனே வேறு மருந்துக்கு மாறினார்கள். ஆனால் அதற்குள் அவள் களைத்துவிட்டாள், மூச்சு விடும் வேலையை மிஷினிடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

நான் அந்த மாத்திரையைச் சொல்லியிராவிட்டால் அவள் பிழைத்திருக்க மாட்டாள் என்று நஸ்ரின் டாக்டர் சொன்னார்.

ஆசீரிடமும் அத்தையிடமும் வீசிங் வந்தது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு அது போதும்.

ஜூலை 16, புதன்

மத்தியானம் குழாயை எடுத்துவிட்டார்கள். தோத்திரம். பேச்சு வரவில்லை, தொண்டை புண். உள்ளே ஒருவர் மட்டும் போகலாம் என்றார்கள். அத்தை போய் வந்த பிறகு நான் போனேன். கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

கல்லூரிக்குப் போனேன். பாடத்திட்டப்படி அட்ரினல் சுரப்பி. அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு மண்புழு எடுத்தேன். ஒரு பெண் எழுந்து, மேடம், அது முதலாம் ஆண்டிலேயே முடிஞ்சிட்டே என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

சபையில் போதகர் ஐயர் ஹெப்சிக்காக ஸ்தோத்திர ஜெபம் பண்ணினார். முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் பெண்கள் எல்லோரும் அத்தையைச் சுற்றிக்கொண்டார்கள். அத்தை என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, "எம் மருமவதான். அவ மட்டும் கூடப் போகலேன்னா எம்பிள்ளை எனக்கில்ல" என்றார்கள். அழுதார்கள். ஒவ்வொருவராக வந்து என் தோளைத் தொட்டார்கள்.

வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். வெயில் என்றேன்.

ஜூலை 23, புதன்

ஹெப்சி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

டிஸ்சார்ஜ் தாளை ஆசீர் வாங்கி வந்தார். அத்தை சமையலறையில் இருக்கும்போது என்னைப் படுக்கையறைக்குக் கூப்பிட்டு, ஒரு வரியில் விரல் வைத்து, இது என்ன மாத்திரை என்றார். சொன்னேன். யார் கொடுத்தது என்றார். நான்தான் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். கட்டிலில் உட்கார்ந்து, "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், ராணி" என்றார். தாளை மடித்து பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் வைத்தார். எங்கள் வீட்டில் எல்லாம் இப்படித்தான் மறைகிறது.

அவர் போன பிறகு அதை எடுத்துப் படித்தேன். மூன்றாவது பக்கத்தில் நேரம் போட்டு எழுதியிருக்கிறார்கள். 11.15: நோயாளியும் உடன் வந்தவரும் வேறு மருந்து எதுவும் எடுக்கவில்லை என்கிறார்கள். 11.45: ப்ரோப்ரனலால் கொடுத்ததாக உடன் வந்தவர் சொல்கிறார்.

15ஆம் தேதி நான் எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். "கேட்டார்கள். சொன்னேன்." இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் முப்பது நிமிடம் இருந்திருக்கிறது. என் நோட்டில்கூட அதை நான் எழுதவில்லை.

இப்போது எழுதுகிறேன்.

வந்ததும் டாக்டர் கேட்டார், மாத்திரை ஏதாவது புதிதாகப் போட்டாளா என்று. இல்லை என்றேன். யோசிக்காமல் வந்த வார்த்தை. வந்த பிறகு அதைத் திருப்பி எடுக்க ஒவ்வொரு நிமிடமும் கஷ்டமாகிக்கொண்டே போனது. மாஸ்க்கில் மருந்து தீர்ந்தது, மறுபடி ஊற்றினார்கள். அது சல்பியூட்டமால். அட்ரினலின் மாதிரி போய் மூச்சுக்குழாயிலுள்ள பீட்டா ஏற்பிகளில் உட்கார்ந்து குழாயைத் திறக்க வேண்டிய மருந்து. உட்கார இடமில்லை. அங்கே என் மாத்திரை உட்கார்ந்திருந்தது. அந்த ஹாலில் இன்ஹேலரை அவள் குலுக்கிப் பார்த்தபோதே எனக்கு இது தெரியும். தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா? என் பாடம் அது.

டாக்டர் மானிட்டரைப் பார்த்துவிட்டு நர்ஸிடம், "மூச்சு இவ்வளவு திணறுது. நாடி நூற்று முப்பதாவது ஓடணுமே. ஏன் எழுபத்திரண்டுல நிக்குது?" என்றார். ஒயரைச் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். கையைப் பிடித்தும் எண்ணினார்கள். எழுபத்திரண்டுதான். அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான். சுவரோரம் அவளுடைய சான்றிதழ் கவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். எந்த ஆஸ்துமா நோயாளிக்கும் குழாய் திறக்க வேண்டும். அவளுக்குத் திறக்கவில்லை. பீட்டாவெல்லாம் அடைந்து கிடந்ததால், ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆல்ஃபா ஏற்பி மட்டும்தான் அந்த ஊசிக்குக் கிடைத்தது. ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறுக்குப் போயிற்று. நாடி இன்னும் இறங்கி ஐம்பத்து நாலு. டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. உதடு நீலமாகிக்கொண்டிருந்த ஹெப்சி கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையை விட்டாள். அப்போதுதான் சொன்னேன்.

சொன்னதும் டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை. அரை விநாடி இருக்கும். பிறகு மருந்துகளை மாற்றச் சொல்லிக் கத்த ஆரம்பித்துவிட்டார். அவர் என்னைத் திட்டவில்லை. நான் பிழைக்க வைத்தேன் என்று 15ஆம் தேதி எழுதியிருக்கிறேனே, அவர் சொன்னது அப்படியில்லை. "இப்பவாவது சொன்னீங்களே" என்றார்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். 13ஆம் தேதி அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள் என்பது பொய். கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மைனி, எனக்கு இது ஆவுமா?" என்றாள். எதை மனதில் வைத்துக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். "நானே போடுதேம்லா" என்றேன்.

நாசரேத்து வரன் நின்றது அந்த நீலக் குழலால்தான். மாப்பிள்ளையின் அக்கா அதை அலமாரியில் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கக் கூடாது, அந்தப் பேச்சே கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார்கள். அடுத்து வந்த மூன்று வீட்டாரும் கேட்டார்கள். மூன்று பேருக்கும் பதில் சொன்னது நான். "அது சின்ன வயசுல இருந்துச்சு. இப்ப ஒண்ணும் கிடையாது." டீச்சர் சொன்னால் நம்புவார்கள் என்று என்னைத்தான் சொல்ல வைத்தார்கள். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேனா, நம்பின மாதிரி இருக்க வசதியாக இருந்ததா, எனக்கே விளங்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஒன்றும் எழுதவில்லை. கறி தீய்ந்துவிட்டது.

ஜூலை 27, ஞாயிறு

உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சபைக்குப் போகவில்லை. ஆசீரும் அத்தையும் போனார்கள். வீட்டில் நானும் ஹெப்சியும் மட்டும்.

அவள் தலையைப் பின்னிவிடச் சொன்னாள். பின்னிக்கொண்டே சொன்னேன், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால். மாத்திரையைப் பற்றி அவளுக்குத் தெரியும், நஸ்ரின் டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் சொன்னது அந்த முப்பது நிமிடத்தைப் பற்றி. டாக்டர் கேட்டபோது இல்லை என்று சொன்னதை. மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று தெரிந்துகொண்டே சுவரோரம் நின்றதை. எனக்குப் பயம், என்னைப் பிடித்துக்கொள்வார்கள், வேலை போய்விடும், அத்தை முகத்தில் எப்படி விழிப்பேன் என்றெல்லாம் ஓடியதை. ஒன்றையும் விடவில்லை.

பின்னல் பாதியில் நின்றது. அவள் திரும்பவில்லை. குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருக்கிறது.

"டாக்டர் மொதல்ல எங்கிட்டதான் கேட்டாங்க, மைனி."

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு அப்ப நெனவு நல்லா இருந்துச்சு. மாத்திரை ஏதும் போட்டியாம்மான்னு கேட்டாங்க. பேச முடியலேன்னா தலைய ஆட்டுன்னாங்க. நீங்க எதுக்க நின்னுட்டு இருந்தீங்க. என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னீங்க." சீப்பை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நான் இல்லேன்னு தலைய ஆட்டினேன். அதுக்குப் பெறவுதான் ஒங்ககிட்ட கேட்டாங்க."

டிஸ்சார்ஜ் தாளில் நோயாளியும் உடன் வந்தவரும் என்று இருந்தது. நோயாளியும். நான் அதைப் படித்தேன், மேலே எழுதியும் வைத்திருக்கிறேன். அந்த வார்த்தை என் கண்ணில் படவே இல்லை.

மூச்சு போய்க்கொண்டிருக்கும்போது அவள் என் முகத்தில் என்ன பார்த்தாள்? நான் எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றேன்? நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன், வரவில்லை. அவளைக் கேட்கவும் தைரியமில்லை.

எதுக்கு அப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்டேன்.

"பழகிட்டுல்லா" என்றாள். அவ்வளவுதான். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது மாதிரி சொன்னாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்து, "இனி யாராவது கேட்டா, நீங்க பக்கத்துல நிக்கும்போது, நான் உள்ளதச் சொல்லலாமா மைனி?" என்றாள்.

தலையை மட்டும் ஆட்டினேன். என் கை நடுங்கியதைப் பார்த்துவிட்டு அவளே மீதிப் பின்னலைப் போட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று நஸ்ரின் டாக்டரிடம் ஹெப்சியைக் காட்ட வேண்டிய நாள். நானும் வருவேன் என்று அத்தை கிளம்பிவிட்டார்கள். டாக்டருக்கென்று பனங்கற்கண்டு ஒரு டப்பாவில் கொண்டு வந்தார்கள். ஆசீர் காலையிலேயே போன் பண்ணி, அம்மா கூட வாராங்க, பார்த்துக்கோ என்றார். பார்த்துக்கோ என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியும்.

டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். அன்றைக்கு அவசரத்தில் முழுதாகக் கேட்டுக்கொள்ளவில்லை, இப்போது முதலிலிருந்து சொல்லும்மா என்றார்.

ஹெப்சி என்னைப் பார்த்தாள். அத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாத்தையும் சொல்லு" என்றேன்.

சொன்னாள். தடுமாறாமல் சொன்னாள். எட்டு வயதிலிருந்து இளைப்பு இருப்பதை, வாரத்தில் மூன்று நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் இன்ஹேலர் இழுப்பதை, மாத்திரையை, அவள் தலையாட்டியதை. அந்த இடத்தில் நிறுத்தினாள். மீதி உங்களுடையது என்கிற மாதிரி. மீதியை நான் சொன்னேன்.

டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். முடித்ததும் ஹெப்சியின் அட்டையில் சிவப்பு மையால் பெரிதாக ஒரு வரி எழுதினார், பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எதுவும் இவளுக்குக் கொடுக்கக் கூடாது என்று. இதை எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் காட்டு என்றார்.

வெளியே வந்து அத்தை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பனங்கற்கண்டு டப்பா இன்னும் மடியில் இருந்தது, கொடுக்க மறந்துவிட்டார்கள். நான் நின்றேன். என்னை நிமிர்ந்து பார்க்காமல், "அரைமணி நேரமா?" என்றார்கள்.

"ஆமா அத்தை."

மருந்துக் கவுண்டரில் கூட்டமாக இருந்தது. ஹெப்சிபா யாரு, இன்ஹேலர் யாருக்கு என்று உள்ளிருந்து கத்தினார்கள். ஹெப்சி எழுவதற்கு முன் அத்தை எழுந்துவிட்டார்கள். பத்துப் பதினைந்து பேர் திரும்பிப் பார்க்க, "எம் மவளுக்குத்தான். அவளுக்கு இளைப்பு இருக்கு" என்றார்கள். வாங்கி, பையில் போடாமல், மருந்துப் பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார்கள்.

வாசலில் ஆட்டோ நின்றது. அத்தை ஏறினார்கள், ஹெப்சி ஏறினாள். நான் வெளியில் நின்றேன். அத்தை வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் என்ன என்பதுபோல் திரும்பிப் பார்த்தார்.

ஹெப்சி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.